எதிர் வாகனத்தின் பதிவு எண்

சாரட்டா? அண்ணாச்சி, முதல்ல உக்காருங்க. அக்கா, நீங்களும் உக்காருங்க, அந்தச் சேர்லதான் காத்து வரும். மண்டபம் பாத்தாச்சு, சாப்பாட்டுக்கூடம் பாத்தாச்சு, ஒரு பந்திக்கு முன்னூறு பேர், தண்ணி இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு, எல்லாம் பேசி முடிச்சாச்சு. கிளம்புற நேரத்துல போய் மாப்பிள்ளை அழைப்புக்குச் சாரட்டு வண்டி வரலாமான்னு கேட்டுட்டீங்களே! அந்தப் போர்டைப் பாருங்க. பதினாறு விதி பெயிண்ட்ல எழுதியிருக்கும். பதினேழாவது மட்டும் பேப்பர்ல எழுதி ஒட்டியிருக்கும். அது என் கையெழுத்து இல்ல. முதலாளி கையெழுத்து.

அது ஏன் வந்துச்சுன்னு சொல்றேன். வெளிய விசாரிச்சா ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. மேனேஜர் உலகநாதனாலதான் எல்லாம்னுகூட சொல்வாங்க. பதினோரு வருஷமா இந்த மண்டபத்துல மேனேஜரா இருக்கேன். நடந்தது முழுசும் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான். எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

போன ஆவணி. சங்கரன்கோவில் பக்கத்துப் பொண்ணு, கோவில்பட்டி மாப்பிள்ளை. பொண்ணுக்குப் பெரியப்பா ஒருத்தர், கோமதிநாயகம்னு பேரு. கூட்டுறவு வங்கியில முப்பத்து நாலு வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆன காசுல கார் வாங்கியிருந்தார். செவப்புக் கார். வாங்கிப் பத்தொன்பது நாள். சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் கவர்கூட இன்னும் பிரிக்கல. உள்ள ஏறி உக்காந்தா சரக் சரக்னு சத்தம் கேக்கும். மனுஷன் அதைப் பின்னாடி நிழல்ல கொண்டுபோய் நிறுத்தத்தான் போனார். நான்தான், "அண்ணாச்சி, புதுக் காரு, வாசல்ல நிக்கட்டும், கல்யாணத்துக்கே ஒரு களை"ன்னு வாசல் கேட்டுக்கு வலப்பக்கம் நிறுத்தச் சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அவருக்கும் சந்தோஷம்தான்.

சாரட்டு, மாப்பிள்ளையோட கூடப் படிச்ச சேக்காளிகள் ஏற்பாடு. வண்டிக்காரர் சேகு பாய். இந்தச் சுத்துவட்டாரத்துல சாரட்டுன்னா அவர்தான். வெள்ளைக் குதிரை, பொட்டைக் குதிரை, பேரு நூரி. பாய் சத்தம் போட்டுப் பேச மாட்டார். குதிரைகிட்டப் பேசுற மாதிரியேதான் மனுஷங்ககிட்டயும் பேசுவார்.

இப்ப யானையைப் பத்திச் சொல்லணும். வர்ற வழியில பாத்திருப்பீங்களே, கேட்டுக்கு இடப்பக்கம்? பொம்மைதான். ஃபைபர். கோயம்புத்தூர்ல சொல்லிச் செஞ்சது. தலையாட்டும், காதாட்டும், தும்பிக்கையைத் தூக்கிப் பன்னீர் தெளிக்கும். வயித்துக்குள்ள ஸ்பீக்கர் வெச்சிருக்கு. ரிமோட்டை அமுக்கினா நிஜ யானை மாதிரியே பிளிறும். முதலாளிகிட்ட நாலு மாசம் சொல்லிச் சொல்லி வாங்க வெச்சேன். அந்தக் கல்யாணம்தான் அதுக்கு முதல் கல்யாணம்.

சாயங்காலம் ஆறரை மணி. பிள்ளையார் கோயில்ல இருந்து ஊர்வலம் கிளம்பிருச்சு. சேகு பாய் முன்னாடியே ஒரு பையன்கிட்ட, "யானையைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லு, நூரி பாத்ததில்ல"ன்னு சொல்லி விட்டார்னு சொல்றாங்க. சரி, சொல்லி விட்டார்தான். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா வேலை நேரத்துல ஒருத்தன் வந்து அதை நிறுத்து இதை நிறுத்துன்னா, மேனேஜர்னு நான் எதுக்கு இருக்கேன்? மாப்பிள்ளை வண்டி வாசலுக்குள்ள தலையை நீட்டுற அந்த நொடியில யானை தும்பிக்கையைத் தூக்கணும். அப்பத்தான் வீடியோவுல நல்லா விழும். அதுக்குன்னு ரிமோட்டைச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரமா நின்னேன்.

அமுக்கினேன்.

யானை அருமையா பிளிறுச்சு, அதைச் சொல்லியே ஆகணும். நூரி அப்படியே நின்னா. காது ரெண்டும் நேரா நின்னுச்சு. அப்புறம் பன்னீர் அவ மூஞ்சியில விழுந்துச்சு. அவ்வளவுதான், பின்னாலயே போக ஆரம்பிச்சுட்டா. பாய் கடிவாளத்தைப் புடிச்சுக்கிட்டு, "இல்லம்மா, ஒண்ணுமில்லம்மா"ங்கிறார். குதிரை பின்னால போனா சாரட்டும் பின்னாலதானே போகும்? சாரட்டுக்குப் பின்னாடி ஏறுறதுக்கு ஒரு இரும்புப் படி உண்டு. அந்தப் படி கோமதிநாயகம் அண்ணாச்சி கார்க் கதவுக்குள்ள போயிருச்சு. உரசல்னு நெனச்சிராதீங்க. உள்ளயே போயிருச்சு. ஹெட்லைட்டும் ஒண்ணு போச்சு. மாப்பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்ல. தலைப்பாகை மட்டும் பறந்துபோய்க் கார் மேல உக்காந்துக்கிட்டுது.

யானை இன்னும் பிளிறிக்கிட்டே இருந்துச்சு. புது ரிமோட்டு இல்லையா, நிறுத்துற பட்டன் எதுன்னு எனக்குச் சட்டுனு பிடிபடல.

அப்புறம் நடந்ததை என்னன்னு சொல்ல! கோமதிநாயகம் அண்ணாச்சி வேட்டியைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஓடி வந்தார். கதவைப் பாத்தார். யாரையும் திட்டல. "பத்தொன்பது நாளு"ன்னார். திரும்பவும் "பத்தொன்பது நாளு"ன்னார். அவர் சும்மா இருந்தாலும் அவர் மச்சான்மார் சும்மா இருக்கல. "உங்க சாரட்டு இடிச்சிருக்கு, நீங்க குடுங்க"ன்னு பொண்ணு வீட்டுக்காரங்க. "வாசலை அடைச்சுக் காரை நிறுத்தினது யாரு?"ன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. எட்டு மணிக்கு நிச்சயத் தாம்பூலம். தாம்பூலத் தட்டு உள்ள காத்துக் கிடக்கு, ரெண்டு வீட்டுக்காரங்களும் ரோட்டுல. மாப்பிள்ளையோட தாய்மாமன், "இப்படி வாசல்லயே சண்டை போடுற வீட்டுல பொண்ணெடுக்கணுமா?"ன்னு ஒரு வார்த்தையை விட்டுட்டார். உள்ள ஆயிரம் இலைக்குச் சமையல் ஓடிக்கிட்டிருக்கு.

அப்பத்தான் பொண்ணு இறங்கி வந்துச்சு. பாதித் தலைக்குத்தான் பூ வெச்சிருந்தாங்க. நேரா பெரியப்பாகிட்ட வந்து, "பெரியப்பா, காருக்கு இன்சூரன்ஸ் இருக்கா?"ன்னு கேட்டுச்சு.

"இருக்கும்மா."

"அப்ப அது வண்டியைப் பாத்துக்கிடும். எனக்கு அப்படி எதுவும் கிடையாது. நீங்கதான் பாக்கணும். உள்ள வாங்க."

மனுஷன் கண்ணைத் துடைச்சுக்கிட்டு உள்ள போயிட்டார். அவர் போனதும் மத்தவங்களும் ஒவ்வொருத்தரா போனாங்க. காலையில கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. அந்தப் பொண்ணு இப்ப சென்னையில ஏதோ கம்பெனியில இருக்கு. இருக்க வேண்டிய பொண்ணுதான்.

கல்யாணம் முடிஞ்சுது, விவகாரம் முடியல. இன்சூரன்ஸ் ஃபாரத்தைத் தூக்கிக்கிட்டு கோமதிநாயகம் அண்ணாச்சி திங்கக்கிழமை இங்க வந்தார். இதோ, நீங்க உக்காந்திருக்கிற சேர்லதான் உக்காந்தார். அவர்கிட்ட ஒரு பழக்கம், ஃபாரத்துல ஒரு கட்டத்தைக்கூட காலியா விட மாட்டார். முப்பத்து நாலு வருஷத்துப் பழக்கம். எதிர் வாகனத்தின் உரிமையாளர், சேகு மைதீன். எழுதிட்டார். எதிர் வாகனத்தின் பதிவு எண்? ஓட்டுநர் உரிமம்? எரிபொருள் வகை?

"விட்டுருங்க அண்ணாச்சி"ன்னேன்.

"எப்படி விடுறது? கட்டம் இருக்குல்லா?"ன்னார்.

எரிபொருளுக்குப் புல், கொள்ளுன்னு எழுதினார். பதிவு எண்ணுக்காகச் சேகு பாய் வீட்டுக்கே கிளம்பிப் போயிட்டார். பாய் பாவம், ரொம்ப யோசிச்சு, "லாடத்துல ஏதோ ஒரு நம்பர் இருக்கும் அண்ணாச்சி"ன்னிருக்கார். இவர் கண்ணாடியை மாட்டிக்கிட்டுக் குத்தவெச்சு, நூரி காலைத் தூக்கச் சொல்லிப் பாத்திருக்கார். நாலுன்னு இருந்துச்சாம். எழுதிட்டார். எதிர் வாகனத்தின் பதிவு எண், நாலு.

அதோட விட்டாரா? ஃபாரத்துல காவல் நிலையப் புகார் எண்ணுன்னு இன்னொரு கட்டம். அதுக்காகப் போய்ப் புகார் கொடுத்தார். அவருக்குப் பாய் மேல ஒரு கோபமும் கிடையாது. கட்டம் நிரம்பணும், அவ்வளவுதான். ஆனா ஸ்டேஷன்ல எஸ்.ஐ., "விபத்து பண்ணின வண்டியைக் கொண்டாந்து நிறுத்து"ன்னுட்டார். பாய் கொண்டுபோய் நிறுத்தினார். குதிரையோடதான். வேப்பமரத்துல நூரியைக் கட்டியாச்சு. வண்டியை விடணும்னா, வண்டி நல்லாருக்கு, பிரேக் புடிக்குதுன்னு ஒருத்தர் எழுதிக் குடுக்கணுமாம். மோட்டார் இன்ஸ்பெக்டரைக் கேட்டா, "இன்ஜின் இருந்தாக் கூப்பிடுங்க"ன்னுட்டார். மாட்டு டாக்டர் வந்து பாத்து, "குதிரை நல்லாருக்கு, வண்டி எனக்குத் தெரியாது"ன்னுட்டார். இப்படியே அஞ்சு நாள். ஆவணி முகூர்த்தத்துல அஞ்சு நாள்! பாய்க்கு வருஷத்துல நாலு மாசம்தான் பொழைப்பு. வந்த ஊர்வலமெல்லாம் வேற ஊர்ச் சாரட்டுக்காரங்களுக்குப் போயிருச்சு.

இதுல என் பங்கு என்னன்னு கேட்டா, ஒரே ஒரு வாக்குமூலம். ஃபாரத்தோட சாட்சி வாக்குமூலம் வைக்கணும்னு அண்ணாச்சி கேட்டார். எழுதிக் குடுத்தேன். "ஊர்வலம் வாசலை அடைந்தபோது குதிரை தானாக மிரண்டு பின்வாங்கியது." சுருக்கமா, அழகா.

அந்த அஞ்சு நாளும் நூரிக்குக் கொள்ளு கொண்டுபோனது நான்தான். வேற எதையும் நினைச்சிராதீங்க. எனக்கு அந்தப் பக்கம் சோலி இருந்துச்சு. தபால் ஆபீஸ்ல ஸ்டாம்பு வாங்க வேண்டியிருந்துச்சு. தினமும் ஒரு ஸ்டாம்பு. ஸ்டேஷன் இங்கருந்து மூணு கிலோமீட்டர், சைக்கிள்ல போயிட்டு வந்தா உடம்புக்கும் நல்லது. மூணாவது நாள்ல இருந்து, என் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டாலே நூரி திரும்பிப் பாப்பா. கையில வெச்சு நீட்டினா உதட்டாலயே எடுப்பா. உள்ளங்கை கூசும்.

வெள்ளிக்கிழமை, சேதத்தை மதிப்புப் போட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தாங்க. பேரு எஸ்தர். முப்பது வயசுகூட இருக்காது. காரை ஒர்க்ஷாப்புல பாத்துட்டு, நடந்த இடத்தையும் பாக்கணும்னு இங்க வந்தாங்க. டேப்பை வெச்சு அளந்தாங்க, போட்டோ எடுத்தாங்க. கோமதிநாயகம் அண்ணாச்சியும் கூட நின்னார். அண்ணாச்சிதான் கேட்டார், "பணம் கம்பெனி குடுத்துரும்லா மேடம்?"

"குடுக்கும் சார். குடுத்துட்டு, யார் மேல தப்போ அவங்ககிட்டத் திருப்பிக் கேக்கும். இந்த வாக்குமூலத்தைப் பாத்தா வண்டிக்காரர்கிட்டத்தான் கேப்பாங்க."

அண்ணாச்சி முகம் சுருங்கிப்போச்சு. "அவரு எங்கருந்து குடுப்பாரு? குதிரையை வித்தாத்தான் உண்டு"ன்னார். நான் டேப்பைச் சுருட்டிக்கிட்டு நின்னேன். நான் பேச என்ன இருக்கு?

அந்தம்மா திரும்பினாங்க. யானையைத் தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருந்தேன். "அது என்ன?"ன்னாங்க.

"பொம்மை மேடம்."

"எப்ப வாங்கினது?"

"அந்த வாரம்தான்."

"அன்னைக்கு ஓடுச்சா?"

"கொஞ்சம்."

"போடுங்க பாப்போம்."

தார்ப்பாயை எடுத்துட்டு ரிமோட்டை அமுக்கினேன். யானை பிளிறுச்சு. அந்தம்மா ஒரு துள்ளு துள்ளி அண்ணாச்சி மேலயே இடிச்சுக்கிட்டாங்க. கையில இருந்த போன் எகிறித் தரையில விழுந்துச்சு. ரோட்டுல போன ஆட்டோ ஒண்ணு நின்னு எட்டிப் பாத்துச்சு. நான் கோவிச்சுக்குவாங்கன்னுதான் நெனச்சேன். சிரிச்சாங்க. பன்னீரைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. அப்புறம் போனை எடுத்துக் கண்ணாடி உடைஞ்சிருக்கான்னு பாத்துட்டு, "சார், நீங்க எழுதிக் குடுத்ததை நான் அப்படியே சேத்துருவேன். மாத்தணும்னா சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க"ன்னாங்க.

நான் எதுக்கு மாத்தணும்? அதைத்தான் நானும் நெனச்சேன். நெனச்சுக்கிட்டே ஸ்டாம்பு வாங்கப் போனேன்.

வேப்பமரத்தடியில சேகு பாய் உக்காந்திருந்தார். அஞ்சு நாளா அங்கயேதான். என்னைப் பாத்ததும் எந்திரிச்சார். திட்டப் போறார்னு நெனச்சேன். திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை திட்டிட்டு வந்திருப்பேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா அண்ணாச்சி?

"வெளிய விட்டதும் நூரியை ஒரு தடவை மண்டபத்துக்குக் கூட்டிட்டு வரவா? யானைகிட்ட நிக்க வெச்சுப் பழக்கிக்கிடுறேன். அவளுக்கு அந்தச் சத்தம் தெரியாது. தெரிஞ்சிருந்தா நின்னிருப்பா. உங்களுக்குத் தொந்தரவு வந்திருக்காது."

எனக்குத் தொந்தரவாம்.

கொள்ளுப் பையை அவர் கையில குடுத்துட்டு நேரா ஒர்க்ஷாப்புக்குப் போனேன். எஸ்தர் மேடம் அங்கதான் இருந்தாங்க. "மேடம், என் வாக்குமூலத்துல எழுத்துப் பிழை இருக்கு, திருத்தணும்"னேன். பேப்பர் குடுத்தாங்க. "யானையை இயக்கியது நான். நிறுத்தி வைக்கும்படி வண்டிக்காரர் முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். நான் நிறுத்தவில்லை. காரை அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னதும் நான்." இப்படி அங்கங்க சின்னச் சின்னப் பிழைதான். திருத்திக் கையெழுத்துப் போட்டேன். ஊர்ல இதைத்தான் உலகநாதன் ஒத்துக்கிட்டான், ஒத்துக்கிட்டான்னு சொல்லிட்டுத் திரியுறாங்க. ஒத்துக்கிட்டது இல்ல, திருத்தினது.

அந்தம்மா ரெண்டு தடவை படிச்சாங்க. அப்புறம், "மண்டபத்துக்கு ஏதாவது பாலிசி இருக்கா சார்?"ன்னு கேட்டாங்க. தீ விபத்துக்குன்னு முதலாளி வருஷாவருஷம் கட்டுவார். ஃபைலைக் கொண்டாந்து காட்டினேன். ஒவ்வொரு பக்கமா புரட்டி, ஏழாவது பக்கத்துல விரலை வெச்சாங்க. மண்டபத்துச் சாமானால வந்தவங்க பொருளுக்குச் சேதம்னா அதுவும் அதுல அடங்குமாம். ஒம்பது வருஷமா கட்டுறோம், எங்களுக்கே தெரியாது! முதல் அஞ்சாயிரம் மட்டும் நாங்க போடணும், மீதி அவங்க பொறுப்பு. பாய்கிட்ட யாரும் ஒரு பைசா கேக்க வழியில்ல.

கோமதிநாயகம் அண்ணாச்சிக்கு வேற கவலை. ஃபாரத்தைத் திருத்தணுமே! எதிர் வாகனம்கிற இடத்துல குதிரை வண்டியை அடிச்சுட்டு யானைன்னு எழுதினார்.

"சார், யானை வாகனம் இல்ல"ன்னாங்க எஸ்தர் மேடம்.

"சங்கரன்கோவிலுக்கு வந்து பாரும்மா. குதிரையும் வாகனம்தான், யானையும் வாகனம்தான்"னார்.

முதலாளி என்னோட நாலு மாசம் பேசல. அந்த அஞ்சாயிரத்தை ரெண்டு மாசச் சம்பளத்துல புடிச்சுக்கிட்டார். எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. பாலிசியில அப்படி ஒரு பக்கம் இருக்குன்னு கண்டுபுடிச்சுக் குடுத்ததுக்கு எனக்கு அவர் ஏதாவது செஞ்சிருக்கணும். அப்பத்தான் அந்தப் பதினேழாவது விதியை எழுதி ஒட்டினார். படிச்சுப் பாருங்க: "சாரட்டு வரும் நாளில் யானை இயங்காது." சாரட்டு கூடாதுன்னு இல்ல. ரெண்டுல எதுன்னு நீங்க முடிவு பண்ணிக்கோங்க. என்னைக் கேட்டா யானைதான். யானை நம்ம சொன்னபடி கேக்கும்.

நூரியை வெளிய கொண்டுவந்த கதையைச் சொல்லவே இல்லையே! நான் பிழை திருத்திக் குடுத்த மறுநாள் எஸ்.ஐ. கூப்பிட்டு விட்டார். கோமதிநாயகம் அண்ணாச்சி கொண்டுபோய்க் குடுத்த என் பேப்பரோட நகலைப் படிச்சார். "அப்ப குதிரை மேல தப்பில்ல. கூட்டிட்டுப் போ"ன்னார்.

"அப்ப யானையைக் கொண்டாந்து நிறுத்தணுமாய்யா?"ன்னு கேட்டேன். முறைப்படி கேக்கணும்லா?

"எவ்வளவு உசரம்?"

"பத்தடி."

"வேண்டாம், வேண்டாம், அங்கயே இருக்கட்டும்."

பாய் வண்டியைப் பூட்டினார். நான் சைக்கிளை எடுக்கப் போனேன். "சைக்கிளைப் பின்னாடி கட்டிக்கிடலாம் அண்ணாச்சி, ஏறுங்க"ன்னார். வேண்டாம்னேன். கேக்கல. ஏறினேன். மாப்பிள்ளை உக்கார்ற சீட்டு. செவப்பு வெல்வெட்டு, ரெண்டு பக்கமும் சிங்கத் தலை. பகல் பதினொரு மணி. பஜார் வழியா போறோம். பாத்திரக்கடைக்காரங்க, மருந்துக்கடைக்காரங்க எல்லாரும் வெளிய வந்து பாக்காங்க. நான் நேரா பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ரேஷன் கடை வரிசையில எம் பொண்டாட்டி சண்முகவடிவு நிக்கிறா. கையில சீனிப் பை, பாமாயில் பாக்கெட்டு. என்னைப் பாத்துட்டா. வரிசையே என்னைப் பாக்குது, அவளைப் பாக்குது. "நிறுத்துங்க பாய்"னேன்.

"ஏறு"ன்னேன்.

எங்க கல்யாணம் இருபத்தாறு வருஷத்துக்கு முந்தி, ரெண்டு பஸ் மாறிப் போய் நடந்துச்சு. சாரட்டும் கிடையாது, மேளமும் பாதி வழியில நின்னுபோச்சு. அவ சுத்திமுத்திப் பாத்தா. திட்டப் போறான்னு நெனச்சேன். முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு ஏறிட்டா. சீனிப் பையை மடியில வெச்சுக்கிட்டு, நேரா நிமுந்து உக்காந்தா. தெரு முனையில பாய், "ஒரு சுத்துச் சுத்திட்டு வரலாமா?"ன்னு கேட்டார். அவ தலையாட்டினா. தேரடி வரைக்கும் போயிட்டு வந்தோம்.

வாசல்ல இறங்கும்போதுதான் மெதுவா கேட்டா, "இதுக்கெல்லாம் எவ்வளவு கேப்பாரு?"

"அதெல்லாம் நம்ம குடுக்க வேண்டாம். இன்சூரன்ஸ்ல வந்துரும்"னேன்.